பதினாறு பயணிகள், ஒரு படகு: கலாபகோஸ் பயணத்துக்கு ஆயத்தமாதல்

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முதிர்வடையவிருந்த இரண்டு வைப்புத்தொகை ரசீதுகளுடன் எங்கள் கிளைக்கு வந்தார். புதுப்பித்துத் தரச் சொல்வார் என்று எண்ணி அதற்கான படிவத்தை எடுத்து வைத்தோம். அவரோ, "இவற்றைப் புதுப்பிக்க வேண்டாம். கலாபகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டும். எவ்வளவு டாலர் வாங்கலாம், எப்படி அனுப்புவது, சொல்லுங்கள்" என்றார். டார்வினின் பிஞ்ச் குருவிகளைக் கரும்பலகையில் அத்தனை ஆண்டுகள் வரைந்தவர், அவற்றை ஒருமுறையேனும் கண்ணால் காண விரும்பினார். அவருடைய கணவருக்கு ஈராண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியிருந்தார்கள். நீந்தவும் தெரியாது. ஆயினும் மனைவி போகுமிடமெல்லாம் தாமும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

எங்களுள் எவரும் அத்தீவுகளைக் கண்டதில்லை. ஆனால் அந்த ஓராண்டில் அவர்களுடைய பயணத்துக்கான கணக்குகள், படிவங்கள், காப்பீடு ஆகியவற்றில் துணைநின்றதால் நாங்களும் நிறையக் கற்றோம். கிளைக்கு வந்து வெளிநாட்டுச் சுற்றுலா பற்றிக் கேட்போர் பெருகி வருகின்றனர். அவர்களுள் ஒருசாரார், கடைவீதிகளையும் கோபுரங்களையும் விட்டுவிட்டு, சிறு குழுவாகப் படகில் சென்று காட்டுயிர்களைப் பார்த்துவரும் பயணங்களை நாடுகின்றனர். இத்தகைய பயணத்துக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைக் கலாபகோசை முன்வைத்து இங்கே விளக்குகிறோம்.

முதலில் இடத்தை அறிவோம்

தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின் மீது அமைந்த எரிமலைத் தீவுகள் இவை. 1535-இல் பனாமாவின் ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா வந்த கப்பல் காற்றில்லாமல் திசைமாறி இங்கே ஒதுங்கியது. முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1835-இல், பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் ஐந்து வாரங்கள் இங்கே தங்கினார். 1959-இல் ஈக்வடார் அரசு இதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது; நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்காவுக்கு உரியது. 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களின் முதற்பட்டியலை வெளியிட்டபோது இத்தீவுகளும் அதில் இடம்பெற்றன.

இன்று ஆண்டுதோறும் சுமார் மூன்று லட்சம் பேர் அங்கே செல்கின்றனர். அவ்வாறிருந்தும் கடற்கரைகள் நெரிசலின்றி இருப்பதற்குப் பூங்காவின் விதிகளே காரணம். உரிமம் பெற்ற இயற்கையியல் வழிகாட்டி ஒருவர் தம்முடன் 16 பேரையே அழைத்துச் செல்லலாம். இதனால்தான் அங்குள்ள படகுகளுள் பெரும்பாலானவை 16 பயணிகளுக்கென்றே கட்டப்பட்டுள்ளன. எந்தப் படகு எந்த நாளில் எந்தத் தீவில் நிற்க வேண்டும் என்பதையும் பூங்காவே வகுத்துக் கொடுக்கிறது. ஒரே இடத்துக்கு அதே படகு 14 நாள்களுக்குள் மீண்டும் வரக்கூடாது. ஆகவே நான்கு நாள், ஐந்து நாள், எட்டு நாள் என்று விளம்பரங்களில் காணப்படும் பயணத்திட்டங்கள் வெவ்வேறு தீவுகளைத் தொடுகின்றன. விலையை மட்டும் ஒப்பிட்டுப் பதிவு செய்தால், நீங்கள் காண விரும்பிய உயிரினம் இல்லாத பக்கத்துக்கே படகு போய்விடலாம். பறக்க இயலாத நீர்க்காகத்தைக் காண விரும்புவோர் மேற்கிலுள்ள இசபெலா, பெர்னாண்டினா தீவுகளுக்கும், அல்பட்ராஸ் பறவையைக் காண விரும்புவோர் தென்கிழக்கிலுள்ள எஸ்பான்யோலா தீவுக்கும் செல்லும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிலநடுக்கோட்டில் உள்ளதால் கடல் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று கருதுவது தவறு. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டமும் மேற்கிலிருந்து ஆழத்தில் வந்து மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் இத்தீவுகளைத் தழுவிச் செல்கின்றன. பென்குவின்கள் நிலநடுக்கோட்டில் வாழ்வது இவற்றால்தான். ஜூன் முதல் நவம்பர் வரை நீர் குளிர்ந்தும், வானம் தூறலும் மூடுபனியுமாகவும், ஆகஸ்டு, செப்டம்பரில் அலை சற்று மிகுந்தும் இருக்கும். டிசம்பர் முதல் மே வரை வெதுவெதுப்பான நீரும் அமைதியான கடலும் உண்டு. இடையிடையே மழை பெய்யும். அல்பட்ராஸ்களோ மார்ச் இறுதியில் அல்லது ஏப்ரலில்தான் எஸ்பான்யோலாவுக்கு வந்து சேர்கின்றன. குளிர்நீரில் இறங்கக் கணவருக்கு மருத்துவர் இசையவில்லை. அல்பட்ராசைக் காணாமல் திரும்ப ஆசிரியை இசையவில்லை. இரண்டும் பொருந்திவரும் காலம் என்று மே மாதத் தொடக்கத்தைத் தேர்ந்தனர்.

பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் செல்க

வரிசை முக்கியமானது. பலர் முதலில் முன்பணம் கட்டுகின்றனர், பின்னர் மருத்துவரைப் பார்க்கின்றனர். இப்பயணத்தில் இதை மாற்றிச் செய்தல் வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கலாபகோஸ் தீவுகளில் அந்நோய் இல்லை. ஆனால் ஈக்வடார் நாடு, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்துள்ள பட்டியலில் இருக்கிறது. அந்நாட்டிலிருந்து புறப்பட்டு ஆறு நாள்களுக்குள் இந்தியாவுக்குள் நுழைபவர் தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும்; இல்லையேல் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். போகும்போது யாரும் கேட்கவில்லையே என்று மகிழ்ந்தவர்கள் திரும்பும்போது சிக்கிக்கொள்வது இதனால்தான். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இவ்வூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அத்தகையவை. ஊசி போட்டுப் பத்து நாள்கள் சென்ற பின்னரே சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுதும் செல்லும். அறுபது வயதைக் கடந்தோருக்கும் முட்டை ஒவ்வாமை உடையோருக்கும் இத்தடுப்பூசி ஏற்றதா என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் பயணமே வேறாகிவிடும். முன்பணம் கட்டிய பின் அதைக் கேட்பதில் என்ன பயன்?

இரண்டாவது, உயரம். ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ கடல்மட்டத்திலிருந்து 2850 மீட்டர் உயரத்தில் உள்ளது. நமது உதகமண்டலத்தைவிட அறுநூறு மீட்டர் மேலே. தீவுகளுக்குச் செல்லும் விமானங்கள் கீட்டோவிலிருந்தும், கடற்கரை நகரான குவாயாகிலிலிருந்தும் புறப்படுகின்றன. இதய நோயாளிகளும் மூச்சுத்திணறல் உடையோரும் கடல்மட்டத்திலுள்ள குவாயாகில் வழியே செல்வது நலம். ஆனால் அந்நகரில் அண்மை ஆண்டுகளில் குற்றக் கும்பல்களின் வன்முறை மிகுந்துள்ளது. 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு நெருக்கடி நிலையையே அறிவிக்க நேர்ந்தது. எனவே நமது வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்த்து, விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கி, ஊர் சுற்றாமல் தீவுக்குப் புறப்படுவதே தக்கது. எங்கள் வாடிக்கையாளர்கள் அவ்வாறே செய்தனர்.

மூன்றாவது காரணம் காப்பீடு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மறைக்கப்பட்ட ஸ்டென்ட்

பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில், "தங்களுக்கு ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதும்படி அவருக்கு உறவினர் ஒருவர் அறிவுரை கூறியிருந்தார். பிரீமியம் குறையும் என்பது காரணம். அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்து எங்களிடம் காட்டியபோது, அந்த ஒரு சொல்லின் விலையை விளக்கினோம்.

தீவுகளில் மக்கள் வாழும் ஊர்கள் சில மட்டுமே. மொத்த மக்கள்தொகை சுமார் முப்பதாயிரம். சிறு மருத்துவமனைகள் உண்டு. ஆனால் நெஞ்சுவலி போன்ற கடும் நோய்க்கு நோயாளியைப் படகிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து விமானத்தில் ஆயிரம் கிலோமீட்டர் கடந்து குவாயாகிலுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கெனத் தனி விமானம் அமர்த்த நேர்ந்தால் அதன் செலவு, பயணச் செலவு முழுவதையும் விழுங்கக்கூடியது. அந்நிலையில் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது பழைய மருத்துவ ஆவணங்களையே. ஸ்டென்ட் மறைக்கப்பட்டது தெரிந்தால் கோரிக்கை தள்ளப்படும். பிரீமியத்தில் மிச்சமாவது சில ஆயிரம். இழப்பதற்கு வீடே போதாமற் போகலாம். விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினோம். ஒரு நிறுவனம் மறுத்தது. மற்றொன்று கூடுதல் பிரீமியத்துடன் ஏற்றது. மறுத்த நிறுவனத்தின்மீது அவருக்குக் கோபம். எங்களுக்கோ, அவர்கள் முன்கூட்டியே மறுத்தது நேர்மையாகவே பட்டது.

பாலிசியில் நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் செலவு அடங்குமா, முகமூடியணிந்து நீர்ப்பரப்பில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெல் அடங்குமா, உருளையுடன் ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா விலக்கப்பட்டுள்ளதா என்பவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். விமானம் தாமதமாகிப் படகைத் தவறவிட்டால் ஈடு உண்டா என்பதும் இன்றியமையாதது. படகு யாருக்காகவும் காத்திராது. ஒரு நாள் முன்னதாகவேனும் ஈக்வடாரை அடைந்துவிடும்படி பயணச்சீட்டு எடுப்பதே இதற்குச் சிறந்த காப்பீடு.

பணத்தைத் திட்டமிடுதல்

கணக்கு எளிதாக விளங்கும் பொருட்டு, எட்டு நாள் படகுக் கட்டணம் ஒருவருக்கு 5000 டாலர் என்றும், ஒரு டாலர் 88 ரூபாய் என்றும் கொள்வோம். இருவருக்கு 8,80,000 ரூபாய். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ இருமுறை மாறிச் செல்ல ஒன்றரை நாள் ஆகும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்பதை நினைவிற்கொள்க. ஈக்வடார் விசாவுக்குரிய அன்றைய விதியைப் புதுதில்லியிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் கேட்டறியலாம். விமானம், விடுதி, காப்பீடு, விசா எல்லாம் சேர்த்து மொத்தம் 14 முதல் 15 லட்சம் ஆகலாம். இதில் டாலர் நான்கு ரூபாய் ஏறினால் படகுக் கட்டணத்தில் மட்டும் 40,000 ரூபாய் கூடிவிடும். ஆதலால் மொத்தத் திட்டத்தில் பத்து விழுக்காட்டைத் தனியே ஒதுக்கி வைத்தல் நன்று.

படகு நிறுவனங்கள் பெரும்பாலும் பதிவின்போது ஒரு பகுதியையும், புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் எஞ்சியதையும் கேட்கின்றன. வைப்புத்தொகைகளை அத்தேதிகளுக்குச் சற்று முன்னர் முதிருமாறு பிரித்து இட்டால், முன்கூட்டியே முடிப்பதால் வரும் வட்டியிழப்பு நேராது. மூன்றாண்டுகள் காத்திருக்கக் கூடியவர்கள் மாதம் 40,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், 36 மாதங்களில் அசலே 14,40,000 ஆகும். வட்டி அந்தப் பத்து விழுக்காட்டுக்கு உதவும். இத்தகைய பயணத்துக்குத் தனிநபர் கடன் பெறுவதை, கடன் கொடுப்பதே தொழிலாகிய நாங்களே ஊக்குவிப்பதில்லை. எட்டு நாள் பார்த்த ஆமைகளுக்கு ஐந்தாண்டுகள் தவணை செலுத்துவது கசப்பான அனுபவம்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணமனுப்பல் திட்டத்தின் கீழ் வரும். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு. நம் பயணத்துக்கு அது மிகவும் போதும். ஏ2 படிவமும் பான் எண்ணும் வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் செலுத்தும்போது மூலத்தில் வரி வசூலிக்கப்படும். 2025-26 நிதியாண்டில் இது ஒருவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 விழுக்காடு என்று இருந்தது. நிதிநிலை அறிக்கைதோறும் இது மாறக்கூடியது. நீங்கள் செலுத்தும் நாளில் உள்ள விகிதத்தைக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விகிதப்படி 14 லட்சம் ரூபாயை ஒருவரே செலுத்தினால், முதல் பத்து லட்சத்துக்கு 50,000, அடுத்த நான்கு லட்சத்துக்கு 80,000, ஆக 1,30,000 ரூபாய் வரியாகப் பிடிக்கப்படும். கணவனும் மனைவியும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து, தத்தம் பான் எண்ணில், தத்தம் பங்கான ஏழு லட்சத்தைச் செலுத்தினால் ஆளுக்கு 35,000, ஆக 70,000 மட்டுமே. இருவருக்கும் ஓய்வூதியம் இருந்ததால் அவர்கள் இவ்வாறே செய்தனர்.

இது வீணாகும் பணமன்று. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வரி இல்லாதவர் திரும்பப் பெறலாம். ஆனால் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆண்டில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட்டவர், வரிக்குரிய வருமானம் இல்லாவிடினும், கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதும் விதி. மூத்த குடிமக்கள் பலர் இதனை அறிந்திருப்பதில்லை.

பிப்ரவரியில் எஞ்சிய தொகையைச் செலுத்த வேண்டிய நேரத்தில்தான் நாங்கள் அஞ்சும் நிகழ்ச்சி நடந்தது. படகு நிறுவனத்திடமிருந்து ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல். கணக்குத் தணிக்கை நடைபெறுவதால் இம்முறை பணத்தை வேறொரு நாட்டிலுள்ள இக்கணக்குக்கு அனுப்பவும் என்று அதில் இருந்தது. பதிவு எண், படகின் பெயர், நிலுவைத் தொகை அனைத்தும் சரியாக இருந்தன. 7000 டாலர். இறுதி நாள் மறுநாள். அவர் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டுக் கொண்டுவந்துவிட்டார். முன்பணம் சென்ற கணக்கும் இதுவும் வேறாக இருப்பதைக் கண்ட எங்கள் எழுத்தர், அனுப்பாமல் நிறுத்தினார். ஆசிரியைக்கு மனவருத்தம், தாமதத்தால் இடம் போய்விடுமோ என்ற பதற்றம். அம்மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்க வேண்டாம், முதன்முதலில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை அழையுங்கள் என்றோம். கீட்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. இரவு ஒன்பது மணிக்கு அவர் அழைத்தபோது அங்கே காலை பத்தரை. கணக்கு எதுவும் மாறவில்லை என்ற விடை வந்தது. பின்னர் இரண்டு மின்னஞ்சல் முகவரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஓர் எழுத்து மட்டுமே வேறுபட்டிருந்தது.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளிநாட்டு வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட தொகையை நாங்கள் நினைத்தவுடன் திருப்பி எடுக்க இயலாது. பெற்ற வங்கியிடம் வேண்டுகோள்தான் விடுக்கலாம். அதற்குள் பணம் எடுக்கப்பட்டிருக்கும். பெறுபவரின் கணக்கு எண் மாறிவிட்டது என்று எவர் சொன்னாலும், பழைய எண்ணில் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யாமல் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் கிளைக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

கையில் கொண்டுசெல்லும் பணம்

ஈக்வடார் 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரையே தன் நாணயமாகக் கொண்டுள்ளது. ஆகவே டாலர் ஏற்றிய முன்செலுத்து அட்டை அங்கே மீண்டும் மாற்றுக் கட்டணமின்றிப் பயன்படும். ஒரு பயணத்துக்கு 3000 டாலர் வரை நோட்டாகவும் எடுத்துச் செல்லலாம், அத்தனை தேவைப்படாது. தீவில் இறங்கியவுடன் பூங்கா நுழைவுக் கட்டணம் ரொக்கமாகச் செலுத்த வேண்டும். 2024 ஆகஸ்டு முதல் இது வெளிநாட்டவரில் பெரியவர்களுக்கு 200 டாலர். புறப்படுமுன் நிலப்பகுதி விமான நிலையத்தில் பெறவேண்டிய பயண அனுமதி அட்டைக்கு 20 டாலர். படகுப் பணியாளருக்கும் வழிகாட்டிக்கும் இறுதிநாள் அன்பளிப்பு அளிப்பது அங்கே வழக்கம். சிறு கடைகளில் 50, 100 டாலர் நோட்டுகளை வாங்கத் தயங்குவார்கள்; கிழிந்த நோட்டு எங்கும் செல்லாது. 10, 20 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். நாங்களும் இரண்டு நாள் முன்னரே சொன்னால்தான் சில்லறை நோட்டுகளைத் தருவித்துத் தர முடியும்.

அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, வரம்பையும் நிர்ணயித்துவிட்டுச் செல்ல வேண்டும். படகில் ஏடிஎம் இல்லை; பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞையும் இல்லை. தீவுகள் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியவை என்பதால், ஓடிபி வரும் என்று நம்பி எந்தப் பரிமாற்றத்தையும் அந்த எட்டு நாள்களுக்கு ஒத்திவைக்காதீர்கள். தவணைகள், பிரீமியங்கள் தாமாகவே செல்லுமாறு முன்னரே ஏற்பாடு செய்க. குளிர்ந்த பருவத்தில், நவம்பரில் செல்லும் ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழை மறந்துவிடக் கூடாது. திரும்பி வரும்போது ஓய்வூதியம் நின்றிருந்தால் எங்கள்மீதுதான் சினம் கொள்வீர்கள்.

உடலைப் பழக்குதலும் பையைக் கட்டுதலும்

இப்படகுகள் கரையை நெருங்குவதில்லை. பங்கா எனப்படும் ரப்பர்ப் படகில் பயணிகளை ஏற்றிக் கரைசேர்ப்பார்கள். பாறையில் காலை வைத்து இறங்குவது உலர் இறக்கம். முழங்கால் ஆழ நீரில் இறங்கி நடப்பது ஈர இறக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் கைவிரல்களைப் பற்றாமல், படகோட்டியின் முன்னங்கையை நீங்களும், உங்கள் முன்னங்கையை அவரும் பற்ற வேண்டும். ஈரக் கை வழுக்கினாலும் அப்பிடி வழுக்காது. இரு கைகளும் ஒழிந்திருக்க முதுகுப்பையே ஏற்றது. வீட்டில் நாற்காலியில் ஏறி இறங்கும் பயிற்சியை ஆசிரியையும் கணவரும் மூன்று மாதங்கள் செய்தனர். எரிமலைப் பாறைகள் கூரியவை. பிடிப்புள்ள காலணி ஒன்றும், ஈரத்துக்குரிய வார்ச்செருப்பு ஒன்றும் போதும்.

ஸ்நார்கெல் செய்ய நினைப்பவர் முதன்முறையாகப் பசிபிக்கில் முயலக்கூடாது. ஊர் நீச்சல் குளத்தில் பழகுங்கள். முகமூடி பொருந்துகிறதா என்று அறிய எளிய வழி உண்டு: வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசை இருந்தால் நீர் கசியும். நாற்பதாண்டு மீசையை எடுக்க மறுத்த கணவர், மேற்பகுதியை மட்டும் நறுக்கிக்கொண்டு சமாதானம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம். கண்ணாடி அணிவோர் தம் பார்வைக்கு ஏற்ற ஆடி பொருத்திய முகமூடியை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். நீச்சல் தெரியாதவர் உயிர்காப்பு மேலங்கியுடன் ரப்பர்ப் படகிலிருந்தே கடலாமைகளையும் பென்குவின்களையும் காணலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடற்குமட்டலுக்கு அஞ்சுவோர் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையைக் கேட்டுப் பெறுக. ஆட்டம் அங்கே குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. படகு இரவில்தான் தீவுவிட்டுத் தீவு செல்லும் என்பதால் மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்னரே உட்கொள்ள வேண்டும். இதய நோயாளிகள் எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். சைவ உணவினர் பதிவின்போதே எழுத்தில் தெரிவித்தல் நன்று. மின்செருகு அமெரிக்க வகை, மின்னழுத்தம் 120 வோல்ட் அளவு. நிலநடுக்கோட்டு வெயில் மேகத்தின் ஊடேயும் சுடும். நாடா கட்டிய தொப்பியும் முழுக்கைச் சட்டையும் மறவாதீர்.

எதைக் கொண்டுசெல்லக் கூடாது என்பது இதனினும் முக்கியம். விமான நிலையத்தில் பைகளைத் திறந்து சோதிப்பார்கள். விதை, பழம், செடி எதுவும் தீவுக்குள் நுழையக் கூடாது. கறிவேப்பிலைக் கொத்தும் செடிப்பொருளே. காலணியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட்டுச் செல்க. இது வெறும் கெடுபிடியன்று. 1959-இல் மீனவர்கள் பின்டா தீவில் மூன்று ஆடுகளை விட்டனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை பல்லாயிரமாகப் பெருகித் தீவின் பசுமையை மேய்ந்து தீர்த்தன. அத்தீவுக்கே உரிய ஆமை இனத்தில் 1971-இல் ஒன்றே ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 'தனித்த ஜார்ஜ்' என்று உலகம் அறிந்த அந்த ஆமை 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அதனோடு அவ்வினம் முடிந்தது.

எஸ்பான்யோலாவில் கதை வேறு. அங்கே எஞ்சியவை 12 பெண் ஆமைகளும் 2 ஆண்களும் மட்டுமே. அவற்றைப் பிடித்துவந்து, சான் டியேகோ விலங்கியல் பூங்காவிலிருந்து ஓர் ஆணையும் சேர்த்து, சாந்தா குரூஸ் தீவில் வளர்த்தனர். பேராமை இனம்பெருக்கும் பருவத்தை எய்தவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2020-இல் அப்பதினைந்தையும் சொந்தத் தீவில் கொண்டுபோய் விட்டபோது, அங்கே சுமார் 2000 ஆமைகள் இருந்தன. முதலைத் தொடாமல் நெடுங்காலம் காத்திருந்ததன் பயன். வங்கியாளர்களாகிய எங்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

உயிரினங்களுக்கு இரண்டு மீட்டர் தொலைவில் நிற்பது விதி. கடல் சிங்கக் குட்டிகளுக்கோ மனித அச்சம் கிடையாது. அவையே நெருங்கி வரும். அப்போது நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். ஃபிளாஷ் ஒளியும் டிரோனும் கூடாது. ஒரு கிளிஞ்சலைக்கூட எடுத்துவரக் கூடாது.

மே மாத இறுதியில் ஆசிரியையும் அவர் கணவரும் கிளைக்கு வந்தனர். எஞ்சிய டாலர் நோட்டுகளை ஒப்படைக்க வந்திருந்தார்கள். திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. கணவர் கடலில் இறங்கவே இல்லை. ரப்பர்ப் படகில் அமர்ந்தபடி ஒரு பென்குவினைப் பார்த்ததைக் காப்பி ஆறும்வரை சொன்னார். பிஞ்ச் குருவிகள் எப்படி என்று ஆசிரியையிடம் கேட்டோம். "நான் பலகையில் வரைந்ததைவிட அலகு சிறியது. இத்தனை வருடம் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன்" என்றார். நோட்டுகளுக்கு நடுவே சில டாலர் நாணயங்களும் இருந்தன. ஈக்வடாரில் ஒரு டாலர் பெரும்பாலும் நாணயமாகவே புழங்குகிறது. வெளிநாட்டு நாணயங்களை நாங்கள் வாங்குவதில்லை. ஆகவே திரும்பும் விமானத்தில் ஏறுமுன் அவற்றைச் செலவழித்துவிடுங்கள். அவர் அவற்றைப் பேத்திக்கென்று கைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.